வெள்ளிக்கிழமைச் சரக்கு

வடலிப்பேட்டைக் கடைத்தெருவில் இருபத்துமூன்று கடைகள் இருந்தன. காலையில் கதவைத் திறந்து சாம்பிராணி போட்டதிலிருந்து சாயங்காலம் பலகை அடைக்கிற வரைக்கும் அந்த இருபத்துமூன்று கடையிலும் 'இல்லை' என்கிற ஒரு வார்த்தை மட்டும் யார் வாயிலிருந்தும் வராது. சீனி தீர்ந்துபோயிருந்தால் 'சீனி நிறைஞ்சிருக்கு' என்பார்கள், மண்ணெண்ணெய் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது என்றால் 'வெள்ளிக்கிழமை வரும்' என்பார்கள், ஏனென்றால் இல்லை என்று ஒருதரம் காதில் விழுந்தால் லட்சுமி சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுவாள் என்று அப்பன் பாட்டன் காலத்திலேயே முடிவாகியிருந்தது. படியில் அளக்கும்போதும் அப்படித்தான், முதல் படியை ஒன்று என்று எண்ணவே மாட்டார்கள், 'லாபம்' என்று போடுவார்கள், அதற்குப் பிறகுதான் ரெண்டு, மூணு. சரக்கு குவிந்து கிடந்த காலத்தில் இதெல்லாம் ஓர் அழகுக்கு நடந்துகொண்டிருந்தது. உலகச் சண்டை வந்து சரக்கு நின்ற பிறகுதான் அந்த வழக்கம் எத்தனை கனம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

சண்டை முடிந்துவிட்டது என்று தண்டோரா போட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்து ஒரு வருசம் ஓடியிருந்தது. ஆனாலும் அரிசிக்குக் கார்டு, சீனிக்குக் கார்டு, கண்ட்ரோல் துணிக்குக் கோழி கூவுகிற நேரத்திலிருந்து வரிசை, ரங்கூன் அரிசி தின்று வளர்ந்த ஊருக்குப் புழு அரித்த கோதுமை. பொம்பளைகள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் கடையிலிருந்து கடைசிக் கடைவரை போவார்கள், இருபத்துமூன்று 'வரும்' வாங்கிக்கொண்டு வெறும்பையோடு வீட்டுக்குத் திரும்புவார்கள். ரங்கூன் அரிசியும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. பர்மாவுக்குப் போனவன், மலேயாவுக்குப் போனவன், பட்டாளத்துக்குப் போனவன் என்று வீட்டுக்கு வீடு ஒரு ஆள் கணக்கில்லாமல் போயிருந்தான்.

கடைத்தெருவின் நடுவே இருந்தது தவசிக்கனியின் மளிகைக்கடை. ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, பதமான வாய். 'வரும்' என்று மற்ற கடைக்காரர்கள் சொன்னால் அது வாய்ப்பேச்சாக இருக்கும், தவசிக்கனி சொன்னால் கேட்கிறவளுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும். ரேஷன் அரிசியும் அவர் கடைக்குத்தான் வரும், ஒன்பது மைல் தள்ளியிருக்கிற ரயில் ஸ்டேஷனிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சுடலையின் மாட்டுவண்டியில் பன்னிரண்டு மூட்டை.

அந்த மனிதருக்கு அந்த வார்த்தை அத்தனை பழகிப்போனதற்கு வேறொரு காரணமும் இருந்தது. பட்டாளத்தில் லாரி ஓட்டப் போயிருந்த ஒரே மகன் பால்வண்ணன் இறந்துவிட்டான் என்று இரண்டு வருசத்துக்கு முன்னால் கடைக்கு ஒரு தந்தி வந்தது. தபாலாபீசில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார், மடித்தார், பெருங்காயப் பெட்டியின் அடியில் வைத்தார், மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி சொர்ணத்தாய் சோற்றைப் போட்டுக்கொண்டே, "பயகிட்டருந்து கடுதாசி ஏதும் வந்துதா?" என்று கேட்டாள். சொல்லத்தான் வாயைத் திறந்தார். முப்பது வருசம் கடையில் உட்கார்ந்த வாய் அவரைக் கேட்கவில்லை. "வரும்" என்றது. அன்றையிலிருந்து தினமும் மத்தியானம் அவள் கேட்டாள், அவர் வரும் என்றார்.

இப்படி இருக்கையில் சித்திரை மாதத்து ஒரு புதன்கிழமை பேச்சியம்மை வந்தாள். அவள் புருசன் குருசாமி ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவன், குண்டு விழுந்த நாளிலிருந்து தகவல் கிடையாது. இருபத்திரண்டு கடை ஏறி இறங்கிக் களைத்துப்போய்க் கடைசியில்தான் தவசிக்கனி கடைக்கு வந்து நின்றாள்.

"மண்ணெண்ணெ இருக்கா அண்ணாச்சி?"

"வரும் தாயி."

"சீனி?"

"வரும்."

"சீலைத்துணி?"

"வரும், வரும்."

"எம் புருசன்?" என்றாள் பேச்சியம்மை. கேலியாகக் கேட்டாளா, வயிற்றெரிச்சலில் கேட்டாளா என்பது அவளுக்கே தெரியாது.

"வரும் தாயி, வெள்ளிக்கிழமை வண்டியில வந்திரும்" என்றார் தவசிக்கனி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. மூட்டை பதினொன்று இருந்தது, பன்னிரண்டாவது மூட்டை இருக்கவேண்டிய இடத்தில் குருசாமி இருந்தான். "ஸ்டேஷன்ல பன்னெண்டுதான் ஏத்துனேன் அண்ணாச்சி" என்றான் சுடலை, மாட்டை அவிழ்த்துக்கொண்டே. "வழியில ஒடங்காட்டு முள்ளுக்காடு தாண்டித் திரும்பிப் பாத்தா கடைசி மூட்டை எந்திரிச்சு ஒக்காந்து மூஞ்சியத் தொடைச்சிக்கிட்டு இருக்கு. பீடி கேட்டாரு, குடுத்தேன்." தவசிக்கனிக்குக் கை கால் ஓடவில்லை என்றாலும் பழக்கம் விடுமா, வண்டியிலிருந்து எது இறங்கினாலும் தூக்குத் தராசில் போடாமல் உள்ளே எடுப்பதில்லை, குருசாமியும் ஒரு காலத்தில் மூட்டைக்காரன்தானே, தானே போய்ப் பலகையில் ஏறி நின்றான். ஆறு மணங்கு இருந்த ஆள் நாலு மணங்கு இருந்தான். பார்வைக்கு இளைக்கவே இல்லை, கன்னமும் தோளும் போன மாதிரியே இருந்தன, எடைதான் குறைந்திருந்தது.

ஊர் இதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. எதிர்க்கடைக்காரர் வந்து, "ரங்கூன்ல இப்ப சீனி கிடைக்கா?" என்று விசாரித்தார். பேச்சியம்மை ஓடி வந்து புருசனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ட்ரோல் சரக்கு என்றைக்கு முழு எடை இருந்தது என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ட்ரோல் அரிசியில் கல்லும் உமியும் கிடந்தால் அதை யாரும் கடையில் கொண்டுவந்து திருப்பிக் கொடுப்பதில்லை, புடைத்து, பொறுக்கி, நாலு தண்ணீர் கழுவி உலையில் போடுவார்கள். வந்த ஆளையும் அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை கடை திறக்குமுன்னே ஒன்பது பொம்பளைகள் வந்து நின்றார்கள். யாரும் உப்பு புளி கேட்கவில்லை. தவசிக்கனி வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தார், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு தலையை ஆட்டிப் பார்த்தார், தும்மல் வந்த மாதிரி நடித்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் ஒருத்தியும் நின்று, அவள் "இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டால் போதும், அந்த வாய் 'வரும்' என்றுவிடும். அந்த வெள்ளி ஒரு மூட்டை குறைந்தது, ஒருவன் வந்தான். அதற்கடுத்த வெள்ளி இன்னொருவன். ஒரு வெள்ளிக்கு ஓர் ஆள்தான், பன்னிரண்டாவது மூட்டை இருந்த இடத்தில்தான். மற்ற இருபத்திரண்டு கடைக்காரர்களும் ஆசைப்பட்டு 'வரும், வரும்' என்று கூவிப் பார்த்தார்கள், அவர்களுக்கு வழக்கம்போல எதுவும் வரவில்லை. தவசிக்கனி கடையில் மட்டும் ஏன் என்று கேட்டால் யாருக்குத் தெரியும், அவர் கடைப் புளி மட்டும் கறுக்காமல் இருந்ததற்கும்தான் யாரும் காரணம் சொன்னதில்லை.

பொம்பளைகளே தங்களுக்குள் பேசி முறை வைத்துக்கொண்டார்கள், இந்த வாரம் இன்னாள், அடுத்த வாரம் இன்னாள் என்று. ஜில்லாவிலிருந்து சப்ளை இன்ஸ்பெக்டர் ஒருவர் மூட்டை ஏன் குறைகிறது என்று விசாரிக்க வந்தார், மூட்டை இருந்த இடத்திலிருந்து இறங்கிய ஆளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு 'வழிச் சேதாரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு எலுமிச்சம்பழ சர்பத்தும் குடித்துவிட்டுப் போய்விட்டார். அதோடு சர்க்காருக்கும் அது பழகிவிட்டது.

பழகாதது பசிதான். ஒரு மூட்டை என்றால் இருபது வீட்டுக்கு ஒரு வாரத்துக் கஞ்சி. "உன் வீட்டுல ஆளு வந்தாச்சு, எம்புள்ள வயித்துக்கு யாரு பொறுப்பு?" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள், கேட்கப்பட்டவள் குடத்தை வைத்துவிட்டு அழுதாள். அழுதவள் வீட்டிலிருந்து சாயங்காலம் ஒரு செம்புக் கஞ்சி கேட்டவள் வீட்டுக்குப் போனது. இப்படியே வைகாசி போய் ஆனியும் போனது.

இன்னொன்றையும் தவசிக்கனி கவனித்துக்கொண்டே வந்தார், வெளியே சொல்லவில்லை, ஆனால் தராசு யாரிடம் மறைக்கும். முதலில் வந்த குருசாமி நாலு மணங்கு, அடுத்தவன் மூன்று, அதற்கடுத்தவன் இரண்டரை, ஐந்தாவது ஆள் எட்டு வீசை கொண்ட ஒரு மணங்குகூட இல்லை. நாள் ஆக ஆகச் சரக்கு வழியிலேயே சிந்திக்கொண்டு வந்தது. காற்று எடுத்தால் வந்தவர்களைக் கட்டிலோடு கட்டிப்போட வேண்டியிருந்தது, வீட்டு முற்றங்களில் உரலிலிருந்து இடுப்புக்குக் கயிறு ஓடியது, பொம்பளைகள் அதைத் தாண்டித் தாண்டி நடந்து பழகிக்கொண்டார்கள். தவசிக்கனி ஒவ்வொரு வெள்ளியும் தராசு முள்ளைப் பார்த்துவிட்டுப் பெருங்காயப் பெட்டியைப் பார்ப்பார். கேட்டால் பால்வண்ணனும் வருவான், ஆனால் கேட்கவேண்டியது கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள். சொர்ணத்தாய் கடைக்கு வந்ததே கிடையாது, கடைக்காரர் வீட்டுக்குச் சாமான் பின்வாசல் வழியாகப் போய்விடும், எந்த முதலாளி பெண்டாட்டி பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றாள்? வரமாட்டாளா என்று ஒரு மனசு ஏங்கியது, வந்துவிடக்கூடாதே என்று இன்னொரு மனசு நடுங்கியது.

ஆடி பிறந்தது. மேற்கே கணவாயிலிருந்து காற்று புழுதியை வாரிக்கொண்டு கடைத்தெருவுக்குள் நுழைந்த முதல் வெள்ளிக்கிழமை அன்னத்தாயின் தம்பி மாசானம் வந்தான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அன்னத்தாய்தான் அவனைத் தூக்கி வளர்த்தவள். இரண்டு வீசை இருந்தான், ஒரு பூசணிக்காய் எடை. மீசை வைத்த ஆம்பளையை அவள் இடுப்பில் சாய்த்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையில் அந்த வாரத்து அரிசிப் பையோடு கடைப்படி இறங்கினாள். அவனும் பழைய நினைப்பில் அக்கா தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். நாலு எட்டு வைத்திருப்பாள், காற்று ஒரு சுழற்று சுழற்றியது, பைக் காது அறுந்தது, அரிசி சிந்தப் போகிறது என்று இரண்டு கையாலும் பையைப் பிடித்தாள்.

ரேஷன் அரிசி சிந்தினால் பிடிக்கிற கை, சண்டைக் காலத்தில் ஊரில் எல்லாருக்கும் அப்படிப் பழகியிருந்தது. மாசானம் ஓட்டுக்கூரைக்கு மேலே போனான், வேப்பமரத்துக்கு மேலே போனான், "எக்கா" என்று கூப்பிட்டது கடைத்தெரு முழுக்கக் கேட்டது, பிறகு கிழக்கே கடல் பக்கம் போய்ச் சின்னதாகி மறைந்தான். அன்னத்தாய் கண்மாய்க் கரைவரை ஓடினாள், திரும்பி வந்தாள், தவசிக்கனி கடை முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பை அவள் கையிலேயே இருந்தது, ஒரு மணி அரிசி சிந்தவில்லை.

"அரிசியப் புடிச்சேன் அண்ணாச்சி" என்றாள். "அவன விட்டுட்டு அரிசியப் புடிச்சேன்."

தவசிக்கனி மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். அன்றைக்கு வீட்டில் சொர்ணத்தாய் கடுதாசி வந்ததா என்று கேட்கவில்லை. இரண்டு வருசத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்காமல் விட்டாள், அது அவருக்குக் கேட்டதைவிடப் பயமாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை சொர்ணத்தாய் கடைக்கு வந்தாள். தலையை இழுத்து முடிந்து, கக்கத்தில் பையும் கையில் ரேஷன் கார்டுமாக வரிசையின் கடைசியில் போய் நின்றாள். ஊர் அவளைப் பார்த்தது, ஏன் வந்திருக்கிறாள் என்று ஊருக்குத் தெரிந்தது. அந்த வாரம் முறை செல்லக்கனிக்கு, மலேயாவுக்குப் போன தகப்பனுக்காக மூன்று மாதம் காத்திருந்தவள், அவள்தான் முதலில் விலகினாள். "நீங்க போங்க மைனி" என்றாள், "எங்க அய்யா அடுத்த வாரம் வரட்டும்." பேச்சியம்மை, "ஒரு மூட்டை கொறைஞ்சா கொறையட்டும், இந்த வாரம் எல்லாரும் கூழ் குடிப்போம், கேளுங்க" என்றாள். வரிசையே விலகி வழிவிட்டது, கால் வயிற்றுக் கஞ்சி குடிக்கிற ஊர் மனசார விட்டுக்கொடுத்தது, அதைப் பார்த்ததும் தவசிக்கனிக்குக் கண் நிறைந்துபோனது.

கல்லாவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர். முப்பது வருசக் குடித்தனத்தில் இப்படி எதிரும் புதிருமாக அவர்கள் நின்றதில்லை.

"புளி இருக்கா?" என்றாள்.

"இருக்கு." நிறுத்துக் கொடுத்தார்.

"வத்தல்?"

"இருக்கு."

"கயிறு இருக்கா, புதுத் தேங்காநார்க் கயிறு?"

"இருக்கு. எத்தனை முழம்?"

"இடுப்பச் சுத்தி ஒரு கட்டு" என்றாள் சொர்ணத்தாய், அவரைப் பார்க்காமல். "அங்கேருந்து முத்தத்து உரலு வரைக்கும் வரணும். உரலுல ரெண்டு சுத்து."

அவர் முழம் போட்டார். இரண்டு முழம் பால்வண்ணன் இடுப்புக்கு, அவன் இடுப்பு எத்தனை என்று அவருக்குத் தெரியும், பட்டாளத்துக்குப் போகுமுன் பெல்ட்டில் கூடுதலாக ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்ததே அவர்தான். இன்னொரு முழம், இன்னொரு முழம். போன வெள்ளிக்கிழமை இரண்டு வீசை என்றால் இந்த வெள்ளிக்கிழமை எத்தனை இருப்பான் என்று கை கணக்குப் போட்டது. ஒரு வெற்றிலை எடை இருப்பானா, ஒரு சாக்குத் தூசி எடை இருப்பானா. காற்றில் கயிற்றின் நுனியில் பிள்ளை ஆடிக்கொண்டிருக்க, இவள் உரலைக் கட்டிக்கொண்டு ராப்பகலாக உட்கார்ந்திருப்பாள், ஒரு நாள் உலை பொங்குகிறது என்று கையை எடுப்பாள். அன்னத்தாய் இன்னமும் கடைக்கு வெளியே அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

கயிற்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சொர்ணத்தாய் நிமிர்ந்தாள். "எம் மவன் இருக்கானா?" என்று கேட்டாள்.

வரும் என்ற சொல் தொண்டையிலிருந்து ஏறி நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. உதடு திறந்தால் போதும், வெள்ளிக்கிழமை வந்துவிடுவான், ஒரு தரம் முகத்தைப் பார்க்கலாம், ஒரு தரம் தலையைத் தொடலாம், அவருக்கும் ஆசை இருக்காதா, பெற்றவர்தானே. தவசிக்கனி தராசுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை" என்றார்.

யாருக்கும் முதலில் புரியவில்லை, அந்தக் கடையில் கேட்டே இராத சொல் அது. "இல்லை, சொர்ணம்" என்றார் மறுபடியும். "நம்ம பால்வண்ணன் இல்லை. ரெண்டு வருசம் ஆச்சு." பெருங்காயப் பெட்டியைத் திறந்து தந்தியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பெருங்காய நெடி கடை முழுக்கப் பரவியது.

சொர்ணத்தாய் தந்தியைத் தொடவில்லை. "தபால்காரன் அன்னைக்கு மொதல்ல வீட்டுக்குத்தான் வந்தான்" என்றாள். "அவன் மூஞ்சியப் பாத்தேன். கடையில குடுத்துருங்கன்னு நான்தான் அனுப்பி வச்சேன். நீங்க வந்து சொல்லுவீங்க, சேந்து அழுவோம்னு சோத்த வடிச்சு வச்சிக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருசமா அழாம இருக்கேனே, என்னய எதுக்கு இப்படிப் போட்டு வச்சிருந்தீங்க?"

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. படியிறங்கி அன்னத்தாய் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். செல்லக்கனி கல்லாவுக்கு வந்து, "எங்க அய்யா?" என்று கேட்டாள். "இல்லை தாயி" என்றார் தவசிக்கனி. அடுத்தவள் வந்து, "எங்க அண்ணன்?" என்று கேட்டாள், இல்லை தாயி என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒவ்வொருத்தியாக வந்து கேட்டார்கள், அவர் ஒவ்வொருத்திக்கும் பேர் சொல்லி, முகத்தைப் பார்த்து, இல்லை என்றார், கேட்டுக்கொண்டவள் படியிறங்கிப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்தாள். இரண்டு வருசமும் மூன்று வருசமும் தேக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அன்றைக்குக் கடைத்தெருவில் இறங்கியது, மற்ற இருபத்திரண்டு கடைக்காரர்களும் வெளியே வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள். தவசிக்கனி ஒரு தரம் லட்சுமி படத்தை நிமிர்ந்து பார்த்தார். மாலைகூட ஆடாமல் அது இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வண்டியில் பன்னிரண்டு மூட்டையும் வந்தது. சுடலை ஒடங்காடு தாண்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தானாம், ஒன்றும் எழுந்திருக்கவில்லையாம். முன்னால் வந்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள், குருசாமி வெள்ளிதோறும் தராசில் ஏறிப் பார்த்துக்கொண்டான், தீபாவளிக்குள் ஒரு வீசை கூடியிருந்தான். ஆடிக் காற்று இன்னும் இரண்டு பேரைக் கொண்டுபோனது, அவர்களுக்கும் ஊர் அழுதது.

'இல்லை' என்ற அந்தப் புதன்கிழமையிலிருந்து எண்ணிப் பால்வண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்ய நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய நாள் காலையில் சொர்ணத்தாய் மறுபடியும் கடைக்கு வந்தாள், பின்வாசல் வழியாக வரவில்லை, வரிசையில் நின்றுதான் வந்தாள்.

"எள்ளு இருக்கா?"

"இருக்கு."

"பச்சரிசி ரெண்டு படி வேணும்."

தவசிக்கனி எள்ளை மடித்துக் கொடுத்துவிட்டுப் படியை அரிசிக்குள் அமுக்கினார், எடுத்தார், மேலே குவிந்ததைக் கையால் வழித்தார். அவள் பையை விரித்துப் பிடித்தாள். முதல் படியைச் சாய்க்கப் போகும்போது அவர் வாய் வழக்கம்போல 'லாபம்' என்று சொல்லத் திறந்தது, திறந்தபடியே நின்றது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் படியைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு" என்றார் தவசிக்கனி.

"ம்" என்றாள் சொர்ணத்தாய், பையை இன்னும் கொஞ்சம் விரித்துக்கொண்டு.

"ரெண்டு."